ஐந்து புள்ளித் தட்டு

நடந்தவை, வரிசையாக:

1. பூதலூருக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கே பக்கிரி என்ற குத்தகை விவசாயியின் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் என்ற முறையில் பக்கிரி, பெரிய பீங்கான் தட்டு ஒன்றில் மஞ்சளும் பழமும் வைத்து, மேளத்தோடு தெருவழியே வரிசை கொண்டுபோனார்.
2. அந்த ஊர்ப் பண்ணையாரின் காரியஸ்தர் அந்தத் தட்டைப் பார்த்தார். பழங்களை எடுத்தபின் கவிழ்த்தும் பார்த்தார். அடியில் நீல எழுத்துகளும், சுற்றி நான்கு, நடுவில் ஒன்றாக ஐந்து புள்ளிகளும் இருந்தன.
3. பண்ணையார் வீட்டில் ஒரு வரிசைப் பீங்கான் தட்டுகள் உண்டு. அவற்றின் அடியிலும் அதே எழுத்துகள், ஐந்து புள்ளிகள். தங்கள் தட்டு திருடு போய்விட்டதென்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.
4. போலீசார் தட்டைக் கைப்பற்றினார்கள். ஏட்டு தட்டோடு முன்னால் நடக்க, பக்கிரி பின்னால் நடந்து போனார். தெருவே பார்த்தது. பிறகு ஜாமீனில் விட்டார்கள்.
5. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. தான் உழும் நிலத்துக்குத் தன் பெயரைப் பதியச் சொல்லிப் பக்கிரி தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். நிலம் பண்ணையாருடையது. விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது.
6. மனுவைத் திரும்பப் பெற்றால் திருட்டுப் புகாரும் திரும்பப் பெறப்படும் என்று பக்கிரிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.
7. தட்டு, காட்சிக்கூடத்தில் பழம்பொருள்களைப் பரிசோதிக்கும் என் மேசைக்கு வந்தது.

அந்த மேசைக்குத்தான் இனி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் வரப்போகிறீர்கள். நான் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு மாறுதலில் போகிறேன். பணி அனுபவத்தை எழுதிவைக்கும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. ஆனால் போகிறவர் வருகிறவருக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போவது நம் அலுவலகத்தில் வழக்கம், அதனால் எழுதுகிறேன். பீங்கானைக் கழுவுவது, ஒட்டுவது, உப்புப் பூத்திருந்தால் எடுப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். தட்டின் அடியில் இன்னொருவருடைய நிலமும் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும்போது என்ன எழுதுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு தட்டில் தெரிந்துகொண்டதுதான்.

ஏட்டு ஒரு கோணிப்பைக்குள் வைக்கோல் அடைத்து இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று பக்கிரி வீட்டில் எடுத்தது. மற்றது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பண்ணையார் வீட்டிலிருந்து வாங்கி வந்தது. இரண்டும் பெரியவை, வெள்ளையில் நீலம், பூவும் கொடியும். பையைப் பிரித்ததும் எது எதுவென்று ஏட்டையே தொட்டுக் காட்டச் சொன்னேன். அவர் எதிரிலேயே ஒவ்வொன்றிலும் நூல் கட்டிச் சீட்டுத் தொங்கவிட்டேன். விளிம்பில் எங்கெங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது என்பதைக் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். இதற்குப் பிறகுதான் தட்டின் முகத்தையே பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பின்னால் தட்டு மாறிவிட்டதென்று யாராவது சொல்வார்கள். இதிலும் சொன்னார்கள்.

கூட வந்த கடிதம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தது: இரண்டு தட்டுகளின் அடியில் உள்ள முத்திரையும் ஒன்றா?

கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுதான். மேலிருந்து கீழாக இரண்டு வரி, ஆறு சீன எழுத்துகள். மிங் வம்சத்து அரசர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவருடைய ஆட்சியில் செய்தது என்று பொருள். பீங்கானின் அடியில் இதைவிட அதிகமாகக் கண்ணில் படும் முத்திரை வேறு கிடையாது. இதை நம்பினால் அந்த இரண்டு தட்டுகளுக்கும் ஐந்நூறு வயது இருக்க வேண்டும். பார்த்த அளவில் இரண்டும் நூறு வருஷத்துக்கு முன்னே பின்னே இருக்கும். அந்த அரசர் காலத்துப் பீங்கானுக்குப் பெயர் அதிகம். அதனால் பின்னால் வந்த சூளைக்காரர்கள் மரியாதைக்கும் விற்பனைக்குமாக அவர் பெயரையே எழுதி வைத்தார்கள். முத்திரை பொய் சொல்கிறது என்பது எனக்குப் புதிதல்ல. கேள்வி அதுவல்ல. ஒன்றா, இல்லையா? அவ்வளவுதான்.

எங்கள் அதிகாரி அப்போது கண்காட்சி வேலையாகச் சென்னையில் இருந்தார். டிரங்க் கால் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கேட்டதுக்குப் பதில் எழுதும்மா,” என்றார். “முத்திரை ஒன்னுன்னா ஒன்னுன்னு எழுது. நெலம் யாருது, தட்டு யாருதுன்னு நம்மகிட்ட யாரும் கேக்கல.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் வேலையின் எல்லை அது. ஆனால் அந்தப் பதிலை எழுதிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. நான் எழுதப்போவது முழு உண்மை. படிக்கிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்போவது வேறு. ‘முத்திரை ஒன்றே’ என்ற இரண்டு சொல், காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘தட்டு பண்ணையாருடையதே’ என்று ஆகிவிடும். அனுப்பாமல் வைத்தேன்.

மறுநாள் காலை காரியஸ்தர் வந்தார். வெற்றிலை போட்ட வாய், வெள்ளை வேட்டி, மரியாதையான மனிதர். அவர் மனதறிந்து பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பித்தளை, வெண்கலத்தில் எல்லாம் பெயர் வெட்டிவிடலாம், பீங்கானில் எழுத்து வெட்டினால் தெறித்துவிடும், அதனால் பண்ணையாரின் பாட்டனார் காலத்தில் பங்காளிகள் ஐந்து பேருக்கு ஐந்து புள்ளியாக, நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உளியால் கொத்தி வைத்தார்கள் என்று விவரமாகச் சொன்னார். இரண்டு தட்டின் பூக்கொடிப் படத்திலும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறதே என்று கேட்டேன். கையால் வரைந்ததில் ஒன்று போல ஒன்று எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயமான பேச்சுதான். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, மிச்சத் தட்டையெல்லாம் வீட்ல வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறோம்? உங்க காட்சிக்கூடத்துக்கே குடுத்துடலாம்னு ஐயாவுக்கு ஒரு யோசன. இந்த வெவகாரம் முடியட்டும்.”

“குடுத்தா ரசீது தருவோங்க,” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். நம் தொழிலில் யாரும் பணம் நீட்ட மாட்டார்கள். பொருள் தருகிறேன் என்பார்கள். அதுவும் நமக்கு இல்லை, அலுவலகத்துக்கு. மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ரசீதைப் பற்றிப் பேசுங்கள்.

மதியம் பக்கிரியின் மனைவி அஞ்சம்மாள் வந்தார். ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. தட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சீட்டுக் கட்டிய தட்டைத் தொட விடமுடியாது என்று சொல்லி, மேசைமேல் வைத்துக் காட்டினேன். விளிம்பில் புதிதாக எங்கும் உடைந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தார். பிறகுதான் பேசினார்.

தட்டு அவருடைய அம்மா வழியில் வந்தது. அம்மா நாகப்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி வீட்டில் நெல் குத்தும் வேலையில் இருந்தார். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் பினாங்குக்கே கப்பலேறியபோது, சாமான்களை வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. அம்மாவுக்குத் தட்டு. அஞ்சம்மாள் கல்யாணத்தில் அது பக்கிரி வீட்டுக்கு வந்தது. சீட்டு எதுவும் இல்லை. கொடுத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது.

“தெருவுல யாரு வீட்டுக் கல்யாணம், காதுகுத்துன்னாலும் வரிசைக்கு எங்க தட்டத்தாம்மா எரவல் வாங்குவாங்க. திருடுன தட்ட ஒளிச்சு வப்பாங்களா, மேளம் அடிச்சுத் தெருவழியா கொண்டுபோவாங்களா?”

காரியஸ்தர் சொன்ன ஐந்து புள்ளியைப் பற்றிக் கேட்டேன்.

“எங்க அம்மாகிட்ட வரும்போதே இருந்த புள்ளிம்மா அது. நாங்க யாரும் வச்சதில்ல. அவங்க வச்சதுங்கறாங்க.”

போகும்போது நிலத்தைப் பற்றிச் சொன்னார். மனுவைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று பக்கிரி ஒரு நாள் சொல்கிறாராம், மறுநாள் கூடாது என்கிறாராம், சாப்பாடும் சரியாக இல்லையாம்.

“நெலத்த விட்டா கேசு போயிடும்ங்கறாங்க. போவட்டும். திருடன்ங்கற பேரு எங்கம்மா போவும்? திருடுனதாலதான் விட்டுக்குடுத்தான்னு ஆயிடும்.”

அவரிடம் நான் எந்த நம்பிக்கையும் சொல்லவில்லை. ஆனால் அவர் போனபிறகு, அதுவரை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் புள்ளிகளைப் பார்க்க உட்கார்ந்தேன். முத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், முத்திரையைப் பார்த்தேன். புள்ளிகள் வீட்டு அடையாளம், அது போலீஸ் விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இரண்டு தட்டுகளையும் ஜன்னலருகே கவிழ்த்து வைத்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி திருப்பினேன். லென்ஸ் தேவைப்படவில்லை. பண்ணையார் தட்டின் புள்ளிகள் பள்ளம். உளி இறங்கிய இடத்தில் கண்ணாடிப் பூச்சு சிதறி, ஓரங்கள் நொறுங்கி, குழிக்குள் பல வருஷத்து அழுக்கு ஏறியிருந்தது. பக்கிரி தட்டின் புள்ளிகள் மேடு. ஒவ்வொன்றும் கடுகளவு வெள்ளைப் பரு. பூச்சு அதைச் சுற்றி உருகி, வழுவழுப்பாக வந்து அணைந்து நின்றது. பூச்சு உருகுவது சூளைக்குள்தான். அப்படியானால் அந்தப் புள்ளிகள் சூளைக்குள்ளேயே இருந்தவை. தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த உளியும் தொடாதவை.

அது என்னவென்று உங்களுக்குப் பயிற்சியில் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். பெரிய தட்டு வேகும்போது நடுப்பாகம் சூட்டில் இளகித் தொய்ந்துவிடும். தொய்யாமல் இருக்க ஜப்பானியச் சூளைகளில் அடியில் சின்னச் சின்ன மண் கூம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். பெரிய தட்டென்றால் சுற்றி நான்கு, நடுவில் ஒன்று வைப்பது வழக்கம். வெந்தபின் தட்டிவிடுவார்கள், நுனி மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சீனச் சூளைகளில் இந்த மாதிரித் தட்டுக்கு அப்படி முட்டுக் கொடுப்பதில்லை. ஆக, பக்கிரி வீட்டுத் தட்டு ஜப்பானில் செய்தது. சீன அரசர் பெயரை ஜப்பானியர்களும் எழுதினார்கள்.

இதை ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் கிடங்கிலிருந்து ஜப்பானியது என்று ஏற்கெனவே உறுதியான மூன்று தட்டுகளையும், சீனத்தது இரண்டையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். பார்த்தவை:

புள்ளி: மேடா, பள்ளமா.
அடி வளையம்: பூச்சில்லாத விளிம்பு எந்த நிறத்தில் வெந்திருக்கிறது, கத்தியால் எப்படிச் சீவியிருக்கிறது.
வெள்ளை: சாம்பல் சாயலா, பச்சை நீலச் சாயலா.
எழுத்து: அன்றாடம் எழுதுகிறவர் கை எழுதியதா, பார்த்து வரைந்ததா.

கடைசியது முக்கியம். பண்ணையார் தட்டில் கோடுகள் வேகமாக ஓடியிருந்தன, ஒரு எழுத்தின் முடிவு அடுத்த எழுத்தை நோக்கி இழுபட்டிருந்தது. பக்கிரி தட்டில் ஆறு எழுத்தும் அழகாக, தனித்தனியாக, நிறுத்தி நிதானமாக வைக்கப்பட்டிருந்தன. மாதிரியைப் பார்த்துப் படம் வரைவதுபோல. நான்கு அடையாளங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன.

நடுவே வேறொன்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து ஒரு கடைக்காரர் ராஜா காலத்துக் கோப்பை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அடியில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டபிறகு வந்த பழக்கம் அது, அதற்குள் தஞ்சாவூர் ராஜா காலமே முடிந்துவிட்டது, எந்த ராஜாவும் அதில் குடித்திருக்க முடியாது என்று சொன்னேன். கோப்பையை வாங்கிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. அதுபோன்ற நாள்கள்தான் உங்களுக்கு அதிகம் வரும். அங்கே முத்திரையை மட்டும் பார்த்தால் போதும். யாருடைய நிலமும் அதில் இல்லை.

அறிக்கை எழுதும் முன் இன்னொருவர் வந்தார். விவசாயச் சங்கத்துக்காரர். தோளில் சிவப்புத் துண்டு. பக்கிரியின் மனுவை எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்றார். புள்ளி விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, காவல் நிலையத்துக்குச் சொல்வதற்கு முன் யாருக்கும் சொல்வது முறையில்லை. அவருக்கு வேண்டியது ஒரே வரி.

“தோழர், ‘இந்தத் தட்டு பக்கிரியின் சொத்து’. இத மட்டும் எழுதிடுங்க.”

“தட்டு அதச் சொல்லலைங்க.”

“தட்டு என்னங்க சொல்லும்? நீங்கதான சொல்லணும்.”

“எங்க செஞ்சதுன்னு சொல்லும். யாரு கையில இருந்ததுன்னு சொல்லாதுங்க.”

நீங்களும் அரசாங்கம்தானே என்று சொல்லிவிட்டுப் போனார். காரியஸ்தரைவிட இவருக்கு மறுப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவர் எழுதச் சொன்னது உண்மை என்றே எனக்கும் தோன்றியது. அஞ்சம்மாள் சொன்னதை நான் நம்பினேன். நம்புவது வேறு, தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது வேறு. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால், அது உனக்கு எப்படித் தெரியும் என்ற ஒரு கேள்வியில் மீதி அறிக்கையும் சேர்ந்து விழுந்திருக்கும். விழுந்தால் பக்கிரிமேல்தான் விழும்.

அறிக்கையில் மூன்று செய்திகள் எழுதினேன். கேட்ட கேள்விக்குப் பதில்: இரண்டு முத்திரையிலும் உள்ள சொற்கள் ஒன்றே. கேட்காததற்கு: அந்த முத்திரை பல நாடுகளில், பல காலத்தில் எழுதப்பட்டது, அது ஒன்றாக இருப்பதால் தட்டுகள் ஒரே இடத்தில் செய்தவை என்று ஆகாது. மூன்றாவது: ஒரு தட்டு சீனாவில் செய்தது, அதன் புள்ளிகள் பின்னால் கொத்தியவை. மற்றது ஜப்பானில் செய்தது, அதன் புள்ளிகள் சூளையில் உண்டானவை. யாருடைய தட்டு என்பதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்று கீழே ஒரு வரி.

சென்னைக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். கேட்காததை எழுதினால் நாளைக்கு எல்லாரும் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பிப்பார்கள் என்றார். பிறகு, “சரி, உன் பேர்லயே அனுப்பு,” என்றார். அது அனுமதியா, கைகழுவலா என்று நான் ஆராயவில்லை. என் பெயரிலேயே போயிற்று.

அதைத் தபாலில் அனுப்பாமல், இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஏட்டோடு நானும் ரயிலில் பூதலூர் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். காரியஸ்தரும் அங்கே வரவழைக்கப்பட்டிருந்தார்.

“என்னம்மா, ஒன்னுதான்னும் எழுதியிருக்கீங்க, ஒன்னு இல்லேன்னும் எழுதியிருக்கீங்க?”

பேசிப் பயனில்லை என்று தட்டுகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மூடிக்கொண்டார். முதல் தட்டில் ஒவ்வொரு புள்ளியாக விரல் போயிற்று.

“எறங்குது.”

இரண்டாவது தட்டு.

“இது குத்துது.” கண்ணைத் திறந்தார். மறுபடியும் தடவினார். “ஏட்டு, நீயும் வந்து பாருய்யா.”

ஏட்டும் தடவினார். காரியஸ்தர் மட்டும் தொடவில்லை.

“புள்ளி எப்படியோ போவுது. எழுத்து ஒன்னுதான?” என்றார் அவர்.

“ஒன்னுதாங்க. நீங்க போட்டிருக்கறது என்ன வெத்தல?”

“கும்பகோணம்.”

“கும்பகோணத்துல போயா வாங்குனீங்க?”

“இங்க பூதலூர்க் கடையிலதான்.”

“கடையில எல்லா வெத்தலையும் கும்பகோணம் வெத்தலன்னுதான விக்கிறாங்க. அத்தனையும் அங்க வெளைஞ்சதுதாங்களா?”

சப்-இன்ஸ்பெக்டர் சத்தமாகச் சிரித்தார். காரியஸ்தர் வெற்றிலையை மென்றுகொண்டே தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, பக்கிரி தட்டின் நடுப் புள்ளியை ஒரு விரலால் தொட்டார். தட்டு மாறியிருக்குமோ என்று ஒருமுறை கேட்டார். ஏட்டு, தான் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பண்ணையார் வீட்டில் உண்மையிலேயே ஒரு தட்டு குறைந்திருந்ததா, குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியாது. என்னைக் கேட்கவுமில்லை.

புகார் தவறான அடையாளத்தின் பேரில் கொடுக்கப்பட்டது என்று எழுதி வழக்கை முடித்தார்கள். தட்டை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது. அதற்கிடையில் தாலுகா அலுவலகத்து விசாரணையும் வந்துவிட்டது. பக்கிரி மனுவைத் திரும்பப் பெறவில்லை. போய் நின்றார்.

தட்டை ஒப்படைக்கும் நாளில், சீட்டைப் பார்த்து அது அதே தட்டுதான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மறுபடி பூதலூர் போனேன். பக்கிரியும் அஞ்சம்மாளும் வந்திருந்தார்கள். பக்கிரியை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். உயரமான, மெலிந்த மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏட்டு தட்டை எடுத்து நீட்டினார். பக்கிரி கையை நீட்டுவதற்குள் அஞ்சம்மாள் குறுக்கே வந்தார்.

“இங்க வாங்க மாட்டோங்க,” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க வீட்லேருந்து எடுத்துக்கிட்டு வந்தீங்க. எங்க வீட்லயே கொண்டாந்து குடுங்க. பகல்ல, அதே தெருவழியா, மூடாம.”

“ஏம்மா, கேசு இல்லேன்னு ஆயிடுச்சு. எடுத்துட்டுப் போவியா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சட்டம் பேசுறியே.”

“இன்னொன்னுங்க. அது வரிசத் தட்டு. நெறஞ்ச தட்டாத்தான் தூக்கிட்டுப் போனோம். அன்னிக்கு ஏட்டய்யா வெறுந்தட்டா கொண்டுபோனாரு. வெறுந்தட்டா திரும்பி வரக்கூடாது.”

பக்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் மனைவியைத் தடுக்கவில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தை நம் பக்கத்தில் யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அவரும் இந்த ஜில்லாக்காரர்தான். தட்டை இரவல் என்று கணக்கு வைப்பதா, பறிமுதல் என்று வைப்பதா என்பதுதான் அங்கே பேச்சில்லாமல் நடந்துகொண்டிருந்த வழக்கு. கடைசியில் அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஏட்டைக் கூப்பிட்டார்.

ஏட்டு எதிர்க்கடைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் மஞ்சள் வாங்கிவந்தார். தட்டில் வைத்தார். வைத்தது சரியில்லை என்று அஞ்சம்மாள் பழத்தை நடுவுக்கு நகர்த்தினார்.

“ஸ்டேஷன்லேருந்து வரிச போறத என் சர்வீசுல இப்பத்தான் பாக்குறேன்,” என்றார் ஏட்டு, பொதுவாக எல்லாரையும் பார்த்து.

பஸ்ஸில் போய் இறங்கி ஊருக்குள் நடந்தோம். தட்டு ஏட்டின் இரண்டு கையிலும் இருந்தது. பக்கிரி இந்தமுறை பக்கத்தில் நடந்தார். பண்ணையார் வீட்டைத் தாண்டித்தான் தெற்குத் தெருவுக்குப் போக வேண்டும். வாசலில் காரியஸ்தர் நின்றிருந்தார். உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, நின்றே பார்த்தார். தெற்குத் தெருவில் ஆள்கள் வெளியே வந்தார்கள். யாரோ ஒருவர், மேளத்தைக் காணோமே என்றார். சிரித்தார்கள். ஏட்டும் சிரித்துவிட்டார்.

வீட்டு வாசலில் அஞ்சம்மாள் தட்டைக் கைநீட்டி வாங்கி உள்ளே கொண்டுபோனார். பழத்தை எடுத்துவைத்துவிட்டு, ஏட்டுக்கும் எனக்கும் ஆளுக்கு இரண்டு பழம் கொண்டுவந்து தந்தார். பிறகு தட்டைக் கவிழ்த்து அடியில் விரலால் தடவினார். ஸ்டேஷனில் தடவிப் பார்த்த கதையை ஏட்டு வழியிலேயே சொல்லியிருந்தார்.

“மேடாத்தான் இருக்கு,” என்றார்.

கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கிறவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தால், கேட்காததையும் எழுதுங்கள். தட்டு சொல்லாததை மட்டும் எழுதாதீர்கள். இதற்குமேல் எனக்கு உங்களிடம் சொல்ல எதுவும் இல்லை.

இப்போதைய நிலை: குத்தகைப் பதிவு பக்கிரியின் பெயரில் ஆகிவிட்டது. பண்ணையார் அப்பீல் செய்திருக்கிறார், அது நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் குறுவையும் பக்கிரிதான் நட்டிருக்கிறார். பண்ணையார் வீட்டுத் தட்டுகள் நம் காட்சிக்கூடத்துக்கு வரவில்லை. அறிக்கையின் நகல் இரண்டாவது அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. பீங்கான் தட்டு பக்கிரி வீட்டில் இருக்கிறது. போன மாதம் தெருவில் ஒரு காதுகுத்துக்கு இரவல் போய், வெல்லத்தோடு திரும்பி வந்ததாக ஏட்டு சொன்னார்.